கையுறை

மேல்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரை என்று ஒரு வகை தமிழில் உண்டு. விமானத்தில் கொடுத்த சாப்பாடு, துடைத்துவைத்த தெருக்கள், நேரம் தவறாத ரயில்கள், கடைசியில் இருந்தாலும் நம் ஊர் போல வருமா என்று ஒரு பெருமூச்சு. இதை எழுதுவதில்லை என்று 1986இல் கிளம்பும்போதே தீர்மானித்துக்கொண்டேன். திரும்பி வந்தபின் நண்பர்கள் கேட்டும் எழுதவில்லை. இவ்வளவு காலம் கழித்து எழுத உட்கார்ந்திருப்பதும் பயணத்தைப் பற்றி அல்ல. அங்கே நான் கொண்டுபோன ஒரு பாயைப் பற்றி.

கொலோன் நகரில் ஆறு வாரம் தங்கி, சிலருடன் உட்கார்ந்து பழைய தமிழ்ப் பாடல்களைப் படித்துச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது. எப்படி வந்தது, யாரால் வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். விடுதியில் தங்குவதற்குப் பதில் ஒரு குடும்பத்தோடு தங்கலாம் என்றார்கள், சம்மதித்தேன். ஜூலையில் அந்தக் குடும்பத்திடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு பக்கம். அறையின் ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கும், டிராம் எங்கே நிற்கும், நான் மாமிசம் சாப்பிடுவேனா என்பன போன்ற விஷயங்கள். கீழே இரண்டு கையெழுத்துகள், கணவனுடையதும் மனைவியுடையதும். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை எழுதிப் பட்டது போதும்.

"எய்யா, சும்மா கையை வீசிக்கிட்டா போவ?" என்றாள் அம்மா. ஆறு வாரம் ஒரு வீட்டில் சாப்பிடப் போகிறவன் என்ன கொண்டுபோக வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்காதவள். ஒன்றுமில்லையென்றால் நாலு கறிவேப்பிலையாவது போட்டு அனுப்புவாள்.

நண்பர்களைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். தஞ்சாவூர்த் தட்டு, சந்தனப் பெட்டி, பட்டு, பித்தளை விளக்கு. வெளிநாடு போய்வந்த ஒருவர் மட்டும், "நடராஜரை மட்டும் கொண்டுபோகாதீர்கள். இந்தியனுக்கு இடம் கொடுத்த எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஒருவர் இருப்பார். ஒரு வீட்டில் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள்" என்றார். அவர் சொன்னது மிகையாக இருக்கலாம். ஆனாலும் சென்னையில் ஒரு கைவினைப் பொருள் கடைக்குள் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். அங்கிருந்த எதுவும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த எவர் வீட்டிலும் இருந்ததில்லை. நம்மைப் பற்றி வெளியே இருக்கும் ஓர் எண்ணத்தைக் காசு கொடுத்து வாங்கி, அந்த எண்ணத்தை உடையவர்களிடமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கும் காரியமாக அது பட்டது. மொழிபெயர்ப்பிலும் அப்போது இதுதான் நடந்துகொண்டிருந்தது. நம்மிடமிருந்து சங்கப் பாடல் போகும், ஆழ்வார் போவார், குறள் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகும். நேற்று ஒருவன் எழுதிய கவிதை போகாது. கேட்டால், அது அவர்களுடையது போலவே இருக்கிறதாம்.

வீட்டில் இருப்பதைத்தான் கொண்டுபோவது என்று முடிவு செய்தபோது என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று. ஏலக்காய் இருந்தது. பாய் இருந்தது. பத்தமடைப் பாய், அம்மாவின் கல்யாணத்துக்கு நெய்தது. ஒரு தலைப்பில் அப்பாவின் பெயர், மறு தலைப்பில் அவள் பெயர். அப்பா போனபின் அதை அவள் விரித்ததில்லை. பரண்மேல் துணி சுற்றி வைத்திருந்தாள். "இந்த மாதிரி ஒண்ணு அவுக பேரைப் போட்டு நெய்யச் சொல்லுவோம்" என்றாள். எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. கடையில் கிடைக்காத ஒன்று, அவர்கள் இருவருக்கென்றே ஆனது, வேறு யாருக்கும் கொடுக்க முடியாதது. அதன் சாமர்த்தியத்தில் நானே மயங்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஊரிலிருந்து பத்தமடை பஸ்ஸில் ஒரு மணி நேரம். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, ஊதிப் பருத்தபின் மறுபடியும் காயவைத்து, நூல் போல மெல்லிசாக எடுப்பார்கள். நீளவாக்கில் போகும் பாவு பருத்தி நூல் அல்லது பட்டு. குறுக்கே ஊடையாகப் போவது கோரை. உயர்ந்த ரகத்துக்குப் பட்டுப் பாய் என்று பெயர், துணி மாதிரி மடிக்கலாம். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். இந்துக் கல்யாணத்துச் சீரில் வைக்கும் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் அவர்கள் நெய்து தருவது அந்தப் பக்கத்தில் யாருக்கும் விசேஷமாகத் தோன்றியதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரை பாய் என்று கூப்பிட்டு பாய் வேண்டும் என்று சொல்வதில் இருக்கும் வேடிக்கைகூட அங்கே தேய்ந்துபோயிருந்தது.

நெய்கிற அம்மாள் விவரம் கேட்டார். "கல்யாணம் என்னைக்கு தம்பி?"

"கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் இருக்கும்."

"பொறவு எதுக்குத் தம்பி கல்யாணப் பாய்?"

என்னிடம் பதில் இல்லை. அம்மாதான், "நடந்த கல்யாணந்தானே, நெய்யி" என்றாள்.

பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது இன்னொரு பிரச்னையாக இருந்தது. எழுத்தைப் பார்த்து ஜெர்மன் உச்சரிப்பைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே, உங்கள் பெயர்களை எப்படி உச்சரிப்பது, எங்கள் எழுத்தில் எழுதிப்பார்க்க ஆசை என்று கேட்டு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. தறியில் ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். ஜெர்மன் கொஞ்சம் தெரிந்த ஒரு பேராசிரியரைக் கேட்டு, அவர் ஒருவாறு உச்சரித்துக் காட்டியதை நான் ஒருவாறு எழுதிக் கொடுத்தேன். தறியில் தமிழ் எழுத்துக்கு வளைவு கிடையாது. சுழிகளெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்து, கல்வெட்டு எழுத்தைப் போல ஆகிவிடுகின்றன. செப்டம்பர் கடைசியில் பாய் வந்தது. பச்சையும் சிவப்பும் கறுப்பும் கோடுகள், இரண்டு தலைப்பிலும் இரண்டு பெயர்கள். மடித்தால் எழுத்து நலுங்கும் என்று அம்மா அதைச் சுருட்டி, அப்பாவின் பழைய வேட்டி ஒன்றில் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். சென்னையிலும் பம்பாயிலும் பிராங்க்பர்ட்டிலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். சுங்க அதிகாரி ஒருவர் துப்பாக்கியோ என்று தடவிப் பார்த்தார்.

கொலோனில் அந்த வீட்டு வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர்கள் எழுதிய அட்டை ஒன்று இருந்தது. அதில் பாதியின் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்த அம்மாள் கைகுலுக்கினார். பின்னால் நின்ற குழந்தையைக் காட்டி, "இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பிறகு என் கையைப் பார்த்து, "அது என்ன, இவ்வளவு நீளமாக?" என்றார்.

பொய் சொல்வதற்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு வேண்டியிருக்கவில்லை. "என் படுக்கை. முதுகுவலி, கட்டிலில் படுப்பதில்லை" என்றேன்.

பையிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக் குழந்தையிடம் நீட்டி, ஒரு சின்ன கிப்ட் என்றேன். அது அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார். ஜெர்மனில் அந்த வார்த்தைக்கு விஷம் என்று அர்த்தம். மார்ஸெல் மாஸ் 1924இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதைப் பற்றிப் பேசுகிறார் என்பதை நான் படித்திருந்தேன். ஜெர்மானிய மொழிகளில் ஒரே சொல், கொடுப்பது என்றும் விஷம் என்றும் இரண்டாகப் பிரிந்ததைப் பற்றிய கட்டுரை. பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீருக்கு ஜெர்மனில் இன்றும் மிட்கிப்ட் என்றுதான் பெயர். படித்திருந்து என்ன, வாசலில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை.

அங்கே கொடுத்ததை உடனே, கொடுத்தவன் கண்முன்னாலேயே பிரிக்கிறார்கள். நம்மிடம் அது அநாகரிகம். விருந்தாளி போனபின் அவன் என்ன கொண்டுவந்தான் என்று பார்ப்பதுதான் மரியாதை. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்த அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "கிறிஸ்துமஸ்" என்றார். அவர்களுடைய பண்டிகை ரொட்டிகளிலும் பிஸ்கோத்துகளிலும் ஏலக்காய் போடுகிறார்கள். மலையாளத்து மலையிலிருந்து வந்த வாசனை என்று நான் நினைத்துக் கொடுத்தது அவருக்குத் தன் பாட்டி வீட்டுச் சமையலறை. இரண்டாவதாக, எனக்கென்று எடுத்துவந்திருந்த ஏ.கே. ராமானுஜனின் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' புத்தகத்தைக் கொடுத்தேன். 1967இல் வந்தது, குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பாய்க்கு ஈடாக அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அது. கடைசியில் நானும் சங்கப் பாடலைத்தான் கொடுத்தேன்.

அன்றிரவு வேட்டியின் தையலைப் பிரித்துத் தரையில் பாயை விரித்தேன். படுத்தாக வேண்டும். காலையில் அறைக்கு யாராவது வந்தால் படுத்திருந்த தடம் தெரிய வேண்டும். கட்டிலில் இறகுப் போர்வை மடித்தது மடித்தபடி ஆறு வாரம் இருந்தது. அக்டோபர் மாதத்து ரைன் நதிப் பக்கத்துக் குளிர் பலகைத் தரை வழியாக ஏறும். முதல் வாரம் முடிவதற்குள் எனக்கு நிஜமாகவே முதுகுவலி வந்துவிட்டது. தலைமாட்டில் ஒருவர் பெயர், கால்மாட்டில் ஒருவர் பெயர். முதல் நாள் கணவர் பெயர் காலடியில் இருந்தது. அது சரியில்லை என்று திருப்பிப் போட்டேன். மனைவி பெயர் காலடிக்கு வந்தது. அதுவும் சரியில்லை. பிறகு உடம்பைச் சுருட்டிக்கொண்டு நடுவில் படுக்கப் பழகினேன்.

அவர் எங்கே போனார், ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை. குழந்தை ஒரு நாள் பான் நகரத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியவந்தது.

கத்தரிக்கோல் எடுத்த இரவும் உண்டு. ஒரு பெயரை வெட்டிவிட்டால் மீதியைக் கொடுத்துவிடலாம் என்று பட்டது. ஆனால் பாவு நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே வெட்டினால் அந்த இடத்திலிருந்து கோரை ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே போகும். வெட்டுவதற்கு இடம் வைத்து நெய்யவில்லை.

அங்கே ஒவ்வொரு நாளும் நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது அகப் பாடல்களை. தலைவியைப் பார்க்க வருகிறவன் தழையோ பூவோ கொண்டுவருகிறான். அதற்குக் கையுறை என்று பெயர். தோழி அதை வாங்க மறுக்கிறாள். இதற்குக் கையுறை மறுத்தல் என்று தனியாக ஒரு துறையே இருக்கிறது, குறுந்தொகையின் முதல் பாட்டு இந்தத் துறைதான். எங்கள் மலையிலேயே இந்தப் பூ நிறைய இருக்கிறது என்பது தோழியின் காரணம். ஒரு மாணவர் அகராதியைப் பார்த்துவிட்டு, இந்தச் சொல்லுக்குக் கைக்குப் போடும் உறை என்றல்லவா போட்டிருக்கிறது என்றார். இப்போது அதுதான் அர்த்தம் என்றேன். சிரித்தார்கள். மறுக்க முடிகிற பரிசுதான் நல்ல பரிசு என்று அன்று வகுப்பில் ஏதோ சொல்லிவைத்தேன். பாயை மனதில் வைத்துக்கொண்டு சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது.

குழந்தைக்கும் எனக்கும் பொதுவாக மொழி இல்லை. அதனால் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டு, நோட்டுப் புத்தகம், ஜன்னலில் படிந்த பனி என்று எல்லா இடத்திலும் எழுதித் தள்ளியது. இதன் விளைவு எனக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் ஒரு நாள் அந்த அம்மாள் திரைச்சீலை மாற்ற அறைக்கு வந்தார், கூடவே குழந்தை. அது பாயின் ஒரு தலைப்பில் குனிந்து விரலை வைத்துத் தன் அம்மாவிடம் ஏதோ கத்தியது. அதன் பெயரில் ஒரு 'ரி' உண்டு. பாயிலும் ஒரு 'ரி' இருந்தது.

"இது எழுத்தா? நான் அலங்காரம் என்று நினைத்தேன். என்ன எழுதியிருக்கிறது?" என்றார் அந்த அம்மாள்.

"ஒரு பக்கம் நெய்த ஊர், மறு பக்கம் நெய்தவர் பெயர்" என்றேன்.

"எது ஊர், எது ஆள்?"

ஒன்றைக் காட்டி ஊர் என்றேன், மற்றதை ஆள் என்றேன். அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, முதலில் ஒரு தலைப்பிலும் பிறகு மறு தலைப்பிலும் எழுத்துகளின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். பள்ளிக்கூட ஆசிரியைகள் பிள்ளைகளுக்குக் காட்டுவது போல, இடமிருந்து வலமாக. "நெய்தவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது நல்ல வழக்கம்" என்றார். ஒரு மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடிய மிகப் பெரிய குற்றத்தை நான் அன்று செய்தேன். மூலத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்.

நவம்பர் 11ஆம் தேதி மாலை அந்தப் பகுதியில் குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்திக்கொண்டு ஊர்வலமாகப் போகிறார்கள். புனித மார்ட்டின் என்ற நாலாம் நூற்றாண்டு ரோமானியப் போர்வீரர், குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தாராம். குதிரைமேல் ஒருவர் சிவப்பு அங்கியோடு முன்னால் போனார். எங்கள் தெருவிலிருந்து நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அந்த அம்மாள் எனக்கு ஒரு ஜோடி தோல் கையுறை கொடுத்திருந்தார். புதியவை அல்ல. என் விரல்களுக்குக் கொஞ்சம் நீளம். யாருடையவை என்று நான் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை.

பேச்சுக்கு நான், எங்களிடமும் போர்வை கொடுத்தவன் ஒருவன் உண்டு என்றேன். பேகன், பழனிப் பக்கத்துத் தலைவன், ஒரு மயிலுக்குப் போர்வை கொடுத்தான். அது உடுத்தாது என்று தெரிந்தே கொடுத்தான் என்று பரணர் அவனைப் புகழ்கிறார். அந்த அம்மாள் வெகுநேரம் சிரித்தார். குழந்தைக்கு மொழிபெயர்த்துச் சொன்னார், அதுவும் சிரித்தது. "அப்படிப்பட்ட மனிதனோடு வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை எதிர்பார்க்காமல் நான் கதையைத் தொடங்கியிருக்கக் கூடாது. புறநானூற்றைப் படித்தவர்களுக்கு மீதி தெரியும். பேகன் மனைவியைப் பிரிந்து இன்னொருத்தியோடு இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போனார்கள். நாங்கள் பசித்து வரவில்லை, பொன்னும் வேண்டாம், நீ உன் மனைவியிடம் திரும்பிப் போவதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்றார்கள். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை என்ற குத்தல் அவற்றில் இருக்கிறது. பரிசில் கேட்டு எழுதிய பாட்டுகளில் இவற்றைவிட விசித்திரமானவை எனக்குத் தெரியாது. தயங்கித் தயங்கி இவ்வளவையும் சொன்னேன். பாதியில் நிறுத்த வழியில்லை.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். "போனானா?" என்று கேட்டார்.

"பாட்டுகள் அதைச் சொல்லவில்லை."

"புலவர்களுக்கு அதில் என்ன வேலை?" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை வகுப்பிலோ கட்டுரையிலோ அந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச வரும்போது முதலில் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. நான்கு பேரும் பெரிய கவிகள், சந்தேகமில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி உருக்கமாகப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அவள் அவர்களை அனுப்பியதாக எந்தப் பாட்டிலும் இல்லை. அவள் அழுதாள், அதைப் பார்த்தார்கள், கேட்கப் போய்விட்டார்கள். அவனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கபிலரிடம் இதைக் கேட்பதற்கு எனக்கு என்ன யோக்யதை? பெயர் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமலே இரண்டு பேரை ஒரு பாயில் சேர்த்து நெய்தவன் நான்.

கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் வாசலில் நின்று, "ஊர் போய்ச் சேரும்வரை இது இல்லாமல் உங்கள் முதுகு தாங்குமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "தாங்குமானால் இதை எனக்குத் தந்துவிட்டுப் போங்கள். நான் யாரிடமும் பரிசு கேட்பதில்லை. இதைக் கேட்கிறேன்."

அவ்வளவு நாள் மறைத்துவைத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவின் தையலோடு இருந்த வேட்டியையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது, "பாயைப் பாத்து என்ன சொன்னாவ?" என்றுதான். ரொம்ப சந்தோஷப்பட்டார்கள் என்றேன். பிறகு, அலமாரியில் வைத்திருந்த தபால்களை எடுத்துக் கொடுத்தாள். நடுவில் நீல நிற விமானத் தபால் ஒன்று. "நீ போன மூணாம் நாளே வந்துட்டு. ஒம்பேருக்கு வந்ததை நான் எதுக்குப் பிரிக்கணும்னு வச்சிருந்தேன்." பிரித்திருந்தாலும் அவளால் படித்திருக்க முடியாது.

செப்டம்பர் கடைசியில் எழுதிய கடிதம். அந்த அம்மாள் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார். தாமதத்துக்கு மன்னிப்பு, ஆகஸ்டிலிருந்து கணவர் இந்த வீட்டில் இல்லை, அதனால் நான் வருவதில் மாற்றம் எதுவும் வேண்டாம், குழந்தை ஆவலாக இருக்கிறது. இதைப் பற்றி நான் எதுவும் பேச வேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு வரி. கடைசியில், பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருந்தீர்களே என்று ஞாபகமாகத் தன் பெயரைப் பிரித்து எழுதி, எந்த அசையை அழுத்துவது, முதல் ஒலி எப்படி வரும் என்று ஆசிரியைக்குரிய பொறுப்போடு விளக்கியிருந்தார். மற்றப் பெயர் உங்களுக்குத் தேவைப்படாது என்று முடித்திருந்தார்.

அந்த விளக்கத்தின்படி பார்த்தால் நான் நெய்யக் கொடுத்த அவர் பெயரின் முதல் எழுத்தே தப்பு.

அவர் அந்தக் கடிதத்தை நான் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆறு வாரமும் நான் எதுவும் கேட்காமல் இருந்ததை, அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கிய நாசூக்கு என்று எடுத்துக்கொண்டிருப்பார். சரி, அப்படியே இருக்கட்டும். பெயர்களை எங்கள் எழுத்தில் எழுதிப்பார்க்க ஆசை என்று எழுதிய ஒருவன் இரண்டு தலைப்பிலும் எழுத்து உள்ள ஒரு பாயோடு வந்து நின்று, அது தன் படுக்கை என்கிறான். எது ஊர், எது ஆள் என்று அவர் விரலை ஓட்டியபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியப்போவதில்லை.

நான் பதில் எழுதவில்லை. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். தோல் கையுறைகளை அம்மா நாலு வேப்பிலை போட்டு ட்ரங்குப் பெட்டியில் வைத்தாள். திருநெல்வேலியில் அவற்றைப் போட்டுக்கொள்ள ஒரு நாளும் வாய்க்கவில்லை.

1987 டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. குழந்தை தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தது, 'ரி' மட்டும் தலைகீழாக. அதன் கீழே அந்த அம்மாள் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். பாயைச் சமையலறைச் சுவரில் நீளவாக்கில் மாட்டியிருக்கிறாராம். ஊர் பெயர் மேலே வரும்படியாக.

எந்தத் தலைப்பை ஊர் என்று அன்று சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.